முதல் ஆட்டமே முழுப் பருவமாக இருந்த காலம்

ஆகஸ்டு மாத இறுதி நெருங்கும்போது, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிலும் நண்பர்களின் பதிவுகளில் ஒரு மாற்றம் தெரியும். ஆய்வேடு, உதவித்தொகை, நெறியாளர் பற்றிய பேச்சுகள் ஒதுங்கிக்கொள்ள, தங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணி பருவத்தின் முதல் ஆட்டத்தில் யாரைச் சந்திக்கப் போகிறது என்பதே பேச்சாகிவிடும். நாம் காலால் உதைத்தாடும் கால்பந்து அன்று அது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை. எதிரணி வலியதாக அமைந்துவிட்டால், அந்தப் பேச்சில் பெருமிதத்தைவிட அச்சமே மிகுந்திருக்கும். எடுத்த எடுப்பிலேயே இவர்களோடா என்ற ஒரே கேள்வி பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வரும்.

இதை எல்லா விளையாட்டு ரசிகர்களுக்கும் எக்காலத்திலும் பொதுவான மனநிலை என்று எளிதாகக் கடந்துவிடலாம். வரலாறு பயில்கிறவர்கள் அப்படிக் கடக்கக் கூடாது என்பதே இப்பதிவின் நோக்கம். முதல் ஆட்டத்தின் மீதான அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. எதிரணியின் வலிமை அந்த அச்சத்தின் ஒரு கூறு மட்டுமே. தோற்ற மறுநாள் நமக்கு என்ன மிஞ்சும் என்பது மற்றொரு கூறு. அதைத் தீர்மானிப்பது போட்டியின் அமைப்பு. இந்த இரண்டாம் கூறு நம் கவனத்துக்கு வருவதே இல்லை. நான் ஆய்வு செய்யும் மைசூருவையும் அதன் பெயர் தாங்கிய பழைய சமஸ்தானத்தையும் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

1934ஆம் ஆண்டில் தொடங்குவோம். அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரில் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் வழங்கிய கோப்பைக்காக, மாகாணங்களும் சமஸ்தானங்களும் மோதும் தேசிய கிரிக்கெட் போட்டி அவ்வாண்டு உருவாயிற்று. இன்று நாம் ரஞ்சிக் கோப்பை என்று அழைப்பது அதையே. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அண்டை அணிகள் தமக்குள் மோதி, வென்றவர் மண்டலத்தின் சார்பில் மேலே செல்ல வேண்டும். தோற்றவர் வெளியேற வேண்டும். தென்மண்டலத்தில் மைசூருக்கு வாய்த்த முதல் எதிரணி சென்னை.

1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் ஆட்டம் அது. முதல் பந்தை வீசியவர் சென்னையின் எம். ஜே. கோபாலன், எதிர்கொண்டவர் மைசூரின் கர்டிஸ். கோபாலன் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர் என்பதைச் சென்னை நண்பர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மைசூர் முதல் இன்னிங்சில் 48 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மீண்டும் ஆடி 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இரு இன்னிங்சுகளிலும் சேர்த்து ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னைக்கு இன்னிங்ஸ் மற்றும் 23 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வெற்றி. இவை அனைத்தும் அந்த ஒரே பகலில் நடந்து முடிந்தன.

இந்த ஆட்டம் நம் கிரிக்கெட் நூல்களில் ஒரு விந்தைச் செய்தியாகவே குறிப்பிடப்படுகிறது: ஒரே நாளில் முடிந்த ஆட்டம். ராம்சிங்கின் சாதனையாகவும் குறிப்பிடப்படுகிறது; அவருடைய மக்கள் கிருபால்சிங்கும் மில்கா சிங்கும் பின்னாளில் இந்திய அணிக்காக ஆடியதால் ஒரு குடும்பக் கதையின் தொடக்கமாகவும் அது சொல்லப்படுகிறது. இவை சரியே. ஆயினும் தோற்ற தரப்பிலிருந்து இதே செய்தியைப் படித்துப் பாருங்கள். மைசூரின் முதல் ஆட்டம் காலையில் தொடங்கிற்று. மாலைக்குள் அதன் பருவமே முடிந்துவிட்டது. அடுத்த வாரம் திருத்திக்கொள்ள ஆட்டம் இல்லை. தோல்விக்குக் காரணம் கண்டு, ஆடுவோரை மாற்றி, வேறோர் ஊரில் மானத்தை மீட்க வாய்ப்பில்லை. அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். 'பருவத்தின் முதல் ஆட்டம்' என்ற தொடரே இங்குப் பொருளிழக்கிறது. முதல் ஆட்டம்தான் பருவம்.

தோற்றால் வெளியேறும் இம்முறை 1956-57 வரை, அதாவது 23 பருவங்கள் நீடித்தது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் எதிரணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மைசூருக்கு இல்லை. அதை நிலப்படம் தீர்மானித்தது. அண்டை அணி எளியதாயிருந்தால் முதல் ஆட்டம் எளிது; வலியதாயிருந்தால் கடிது. ஓர் அணியின் உண்மையான தரத்தை அதன் முதல் ஆட்டத்தைக் கொண்டு அளக்க இயலாத நிலை அது. அதே மைசூர் 1941-42 பருவத்தில் இறுதியாட்டம் வரை சென்றது. அங்கே பம்பாயிடம் பெருந்தோல்வி அடைந்தாலும், 7 ஆண்டுகளுக்கு முன் ஒரே பகலில் வெளியேறிய அணி எட்டிய உயரம் அது. 1934இன் 48, 59 என்ற எண்களை மட்டும் கொண்டு மைசூர் கிரிக்கெட்டை மதிப்பிட்டவர் எவரும் இதை முன்னுரைத்திருக்க முடியாது.

சரி, அன்றைய ரசிகன் எப்படிக் காத்திருந்தான்? 1934 நவம்பரில் மைசூரு நகரில் வானொலி நிலையம் இல்லை. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் 'ஆகாசவாணி' என்ற பெயரில் தனியார் ஒலிபரப்பைத் தொடங்கியது 1935 செப்டம்பரில்தான். பின்னாளில் அப்பெயரே நாட்டின் வானொலிக்கு உரியதாயிற்று. ஆகவே சேப்பாக்கத்தில் விழுந்த விக்கெட்டுகளை மைசூருவாசி ஒவ்வொன்றாகக் கேட்டறிய வழியில்லை. பொதுமக்களுக்குச் செய்தி நாளிதழ் வழியாகவே வந்து சேரும். ஆட்டம் எப்படித் தொடங்கியிருக்குமோ என்று ஊரார் எண்ணிக்கொண்டிருந்த வேளையில் அது முடிந்தே போயிருந்தது.

ஓட்டப்பட்டியல் இந்தக் காத்திருப்பைப் பதிவு செய்வதில்லை. எண்கள் ஆட்டம் தொடங்கிய பின்னரே பிறக்கின்றன. அதற்கு முந்தைய இரவுகளுக்கு அவற்றில் இடமில்லை. அந்த இரவுகளைத் தேட வேண்டிய இடம் வேறு. மைசூருவின் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்ற ஆர். கே. நாராயணின் முதல் நாவலான 'சுவாமியும் நண்பர்களும்' 1935இல் வெளிவந்தது. சிறுவர்கள் ஒரு கிரிக்கெட் அணியைத் தொடங்குகிறார்கள்; அண்டை அணி ஒன்றோடு ஆட்டம் குறிக்கப்படுகிறது; பயிற்சி, பள்ளி நேரம், தலைவனின் கண்டிப்பு எனக் கதை அந்த ஆட்டத்தை நோக்கியே நகர்கிறது. கதாநாயகன் சுவாமிநாதன் ஊரைவிட்டு ஓடிப்போய், அந்த ஆட்டத்துக்கு வந்து சேராமலே போகிறான். அணி தோற்கிறது, நட்பும் முறிகிறது. ஒரே ஓர் ஆட்டத்தின் மீது எல்லாவற்றையும் வைத்துவிட்டவர்களின் மனம் இந்நாவலில் இருக்கிறது. நாராயண் ரஞ்சிக் கோப்பையைப் பற்றி எழுதவில்லை. அந்நூலை அவர் எழுதத் தொடங்கியதும் அக்கோப்பை பிறப்பதற்கு முன்பே. ஆனாலும் மறு ஆட்டம் இல்லாத ஓர் ஆட்டம் மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு அதே காலத்தின், அதே நிலத்தின் சான்று அது.

கிரிக்கெட்டை விட்டுக் கால்பந்துக்கு வந்தால் இதே அமைப்பின் கொடுமை இன்னும் துலங்கும். 1946-47இல் மைசூர் அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. பெங்களூர் தண்டுப் பகுதியிலும் அதைச் சுற்றிய குடியிருப்புகளிலும் வளர்ந்த ஆட்டக்காரர்கள், தமிழ் பேசுவோர் பலர் உட்பட, நாட்டின் முன்னணி வரிசைக்கு வந்திருந்த காலம். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் அவர்களின் பங்கு கணிசமானது. சாரங்கபாணி ராமன், அகமது கான், கே. பி. தன்ராஜ் ஆகிய பெயர்களை இங்கு நினைவுகூர வேண்டும். அணித்தலைவர் நாகர் மலையைச் சேர்ந்த தாலிமெரன் ஆவோ. கல்கத்தாவில் மருத்துவம் பயின்ற மாணவர்.

முதற்சுற்றில் பர்மா ஆடாமல் விலகியதால், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் பிரான்சுக்கு எதிராக அமைந்தது. 1948 ஜூலை 31, லண்டனை அடுத்த இல்ஃபோர்டு. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்ஸ் முதலில் கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் ராமன் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த முதல் கால்பந்து கோல் பெங்களூர்க்காரர் ஒருவரின் காலிலிருந்து பிறந்தது. இரண்டு பெனால்டி வாய்ப்புகள் இந்தியாவுக்குக் கிடைத்தன, இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மற்றொரு கோலை அடித்து 2-1 என வென்றது. அத்துடன் இந்தியாவின் ஒலிம்பிக் பயணம் முடிந்தது. கடல் கடந்து சென்ற அணிக்கு முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். அந்த அணி எவ்வளவு நன்றாக ஆடியது என்று அன்றும் இன்றும் பேசுகிறோம். அடுத்த வாரம் ஒரு லீக் ஆட்டம் இருந்திருந்தால் அந்தப் பேச்சில் இவ்வளவு ஏக்கம் கலந்திருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாற்றம் 1957-58இல் வந்தது. ரஞ்சிக் கோப்பையில் மண்டல அளவிலான ஆட்டங்கள் லீக் முறைக்கு மாறின. மண்டலத்தின் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் அனைத்தையும் சந்திக்கும், புள்ளிகள் கூட்டப்படும், அதன் பிறகே யார் மேலே செல்வது என்பது தெரியும். நிர்வாகச் சீர்திருத்தமாக மட்டுமே நாம் படிக்கும் இந்த மாற்றம், ரசிகனின் நாட்காட்டியையே மாற்றி எழுதிற்று. முதல் ஆட்டத்தில் தோற்றவனுக்கு இப்போது ஒரு 'மறுநாள்' உண்டு. கணக்குப் போடலாம்: மீதமுள்ள ஆட்டங்களில் எத்தனை வென்றால் போதும், எந்த அணி எந்த அணியிடம் தோற்றால் நமக்கு நன்மை. அச்சம் நின்றிருந்த இடத்தில் கணக்கு வந்து அமர்ந்தது. 1973 நவம்பரில் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியது. அதே பருவத்தில், தொடர்ந்து 15 முறை கோப்பையை வைத்திருந்த பம்பாயை அரையிறுதியில் பெங்களூரில் வீழ்த்தி, ராஜஸ்தானை இறுதியாட்டத்தில் வென்று, கர்நாடகம் முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. சேப்பாக்கத்தில் ஒரே பகலில் முடிந்த பருவத்திலிருந்து எண்ணினால் அது 40ஆவது பருவம்.

அப்படியானால் அச்சம் ஒழிந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியது. அதற்குச் சான்றாக மைசூரு நகரத்துக்கே திரும்புவோம்.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் உள்ள கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானத்தில் 2010 ஜனவரி 11 முதல் 14 வரை ரஞ்சி இறுதியாட்டம் நடைபெற்றது. கர்நாடகமும் மும்பையும் மோதின. பெருநகரத்து அரங்கம் அன்று அது. மரங்கள் சூழ்ந்த பல்கலைக்கழகத் திடல். நகர மக்களும் மாணவர்களும் திரண்டனர். முதல் இன்னிங்சில் மும்பை 233, கர்நாடகம் 130. இரண்டாம் இன்னிங்சில் மும்பை 234. கர்நாடகத்துக்கு இலக்கு 338. மணீஷ் பாண்டே 144 ஓட்டங்கள் குவித்து வெற்றியை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தார். நான்காம் நாள் சங்கராந்தி. நம் வீடுகளில் பொங்கல். அன்று கர்நாடகம் 331 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து, 6 ஓட்டங்களில் கோப்பையை இழந்தது.

இந்த ஆட்டத்தையும் 1934ஆம் ஆண்டு ஆட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பருவத்தின் தொடக்கம், மற்றது முடிவு. ஒன்று ஒரு பகலில் முடிந்த ஒருதலைப்பட்சமான ஆட்டம், மற்றது நான்காம் நாள்வரை இழுத்துச் சென்ற போராட்டம். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஒற்றுமை உண்டு: தோற்றவருக்கு மறுநாள் இல்லை. முன்பு முதல் ஆட்டத்தில் குடியிருந்த அச்சம், லீக் முறை வந்தபின் பருவத்தின் கடைசிக்குக் குடிபெயர்ந்தது. போட்டியின் அமைப்பு அச்சத்தை அழிப்பதில்லை. அது எந்த நாளில் வந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன அமெரிக்க நண்பர்களிடம் வருகிறேன். 2007 செப்டம்பர் 1 அன்று, தரவரிசையில் 5ஆம் இடத்திலிருந்த மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் சொந்த அரங்கில், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 34-32 எனத் தோற்றது. பருவத்தின் முதல் ஆட்டம் அது. அன்றைய முறையில் தரவரிசையின் முதல் 2 அணிகள் மட்டுமே பட்டத்துக்கு மோத முடியும். ஆகவே எளிய எதிரணியிடம் அடைந்த அத்தோல்வி மிச்சிகனின் பட்டக்கனவை ஏறத்தாழ அன்றே மூடிவிட்டது. அதே பருவத்தில் 2 தோல்விகளுடன் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் பட்டம் வென்றது உண்மை. அது அம்முறையின் விதிவிலக்கு.

பட்டத்துக்கான சுற்றில் 2014 பருவம் முதல் 4 அணிகள், 2024 பருவம் முதல் 12 அணிகள் என இடம் விரிந்தது. விரிந்த முதல் ஆண்டிலேயே விளைவு தெரிந்தது. 2024 செப்டம்பரில், தன் இரண்டாம் ஆட்டத்தில், நோட்டர்டேம் பல்கலைக்கழகம் வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திடம் 16-14 எனச் சொந்த அரங்கிலேயே தோற்றது. 2007இல் என்றால் ரசிகர்கள் அன்றே கடையைக் கட்டியிருப்பார்கள். இப்போதோ அந்த அணி இறுதியாட்டம் வரை சென்று, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திடமே வீழ்ந்தது. வென்ற ஒகையோவும் அப்பருவத்தில் இருமுறை தோற்ற அணியே. 1957-58இல் நம் மண்டல லீக் செய்த வேலையைத்தான் அங்கு 12 அணிச் சுற்று செய்திருக்கிறது. ஒரு வேறுபாடும் உண்டு: அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் வட்டத்துக்கு வெளியேயுள்ள எதிரணிகளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாமாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. கடினமான முதல் ஆட்டம் அங்குத் தேர்ந்தெடுத்துக்கொண்ட துணிவு. மைசூருக்கு அது விதிக்கப்பட்ட அண்டைவீடு.

இங்கு நியாயமான மறுப்பு ஒன்று எழலாம். தோல்வியின் விலை குறைந்துவிட்டது என்றால், இந்த நண்பர்கள் ஆகஸ்டு மாதத்தில் ஏன் இன்னும் தூக்கம் இழக்கிறார்கள்? ஜெர்மானிய வரலாற்றறிஞர் ரைன்ஹார்ட் கோசெல்லெக் முன்வைத்த 'அனுபவ வெளி', 'எதிர்பார்ப்பின் தொடுவானம்' என்ற இணைக் கருத்தாக்கம் இதற்கு உதவும். நாம் எதிர்பார்ப்பவை யாவும் முன்பு பட்டறிந்தவற்றின் மேல் எழுகின்றன. பருவத்தின் நடுவே ரசிகனிடம் அந்த ஆண்டின் பட்டறிவு கொஞ்சமேனும் சேர்ந்திருக்கும். முதல் ஆட்டத்தின் முன்னிரவில் அது வெற்றிடம். ஆகவே அவன் மனத்தில் இரண்டு கலந்திருக்கின்றன: ஒன்று, நம் அணி எப்படிப்பட்டது என்று அறியாத ஐயம், மற்றது, தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற அச்சம். போட்டி அமைப்பு மாறும்போது குறைவது இரண்டாவது. முதலாவது எந்த முறையிலும் எஞ்சியே நிற்கும். 1934ஆம் ஆண்டு மைசூர் ரசிகனிடம் இரண்டும் உச்சத்தில் இருந்தன. அப்படியொரு தேசியப் போட்டியின் முந்தைய பருவம் என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட எதுவும் இல்லை.

ஐயம், அச்சம் என்ற இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால், விளையாட்டு வரலாற்றை எழுதும் முறையே சற்று மாறும் என்று கருதுகிறேன். இதுவரை நாம் வென்றவரையும் எண்களையும் பின்தொடர்ந்தே எழுதி வந்திருக்கிறோம். விதிமுறைத் தாள்களையும் ஆட்ட அட்டவணைகளையும் உணர்ச்சியின் வரலாற்றுக்கான ஆவணங்களாகப் படித்ததில்லை. ஒரு சங்கத்தின் கூட்டக்குறிப்பில் 'இவ்வாண்டு முதல் லீக் முறை' என்றிருக்கும் ஒற்றை வரி, ஆயிரக்கணக்கானோர் எந்த இரவில் உறங்கவில்லை என்பதை மாற்றியிருக்கிறது. தேர்வு முறை பற்றி, வேலைவாய்ப்பு நேர்காணல் பற்றி, ஒரே ஒரு வாய்ப்பு மட்டுமே தரும் எந்த அமைப்பைப் பற்றி ஆராயும் மாணவருக்கும் இதே கேள்வி பயன்படும்: தோற்றவருக்கு மறுநாள் எப்போது?

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லங்களில் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால், 1957க்கு முந்தைய ஓர் ஆட்டத்துக்காகவோ, கல்லூரிகளுக்கிடையிலான தோற்றால் வெளியேறும் போட்டி ஒன்றுக்காகவோ காத்திருந்த நாள்களை அவர்கள் நினைவுகூரக்கூடும். யார் வென்றார்கள் என்று கேட்காதீர்கள். அது ஏட்டில் இருக்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய இரவு என்ன பேசினார்கள், செய்தி எப்படி வந்தது, தோற்ற பின் அடுத்த ஓராண்டை எப்படிக் கழித்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதைக் கீழே பதியுங்கள். சேப்பாக்கத்தின் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எண்கள் சொல்லாமல் விட்டது அவர்களிடம்தான் இருக்கிறது.